வட்டத்துக்குள் நின்ற புள்ளி

ராஜபாண்டி தன் காளையின் கழுத்துப் பட்டையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றி, துண்டால் துடைத்து, அக்காள் கையில் கொடுத்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ஜல்லிக்கட்டில் வாடிவாசலைத் தாண்டிய மாடுகள் மிரண்டு கண்ட திசையில் ஓடிவிடும். கிணற்றில் விழும், ரயிலில் அடிபடும், யாராவது பிடித்துக்கொண்டும் போய்விடுவார்கள். அதனால் சமயநல்லூர்ப் பக்கம் காளை வளர்க்கிறவர்களில் பலர் இப்போது இந்த ஜிபிஎஸ் பெட்டியைக் கட்டித்தான் அவிழ்க்கிறார்கள். மாடு எங்கே நின்றாலும் செல்போன் வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி காட்டிக்கொடுத்துவிடும்.

"இதை அத்தானுக்குக் கட்டுக்கா. காளைக்கு நான் வேற வாங்கிக்கிறேன். தை வரைக்கும் அது எங்கிட்டும் போகப் போறதில்ல."

முத்துமீனாவின் முகம் சுருங்கிப்போயிற்று. "மாட்டுக்குக் கட்டினதையா ராசு?"

"மனுசனுக்குன்னு விக்கிறதைத்தான் வாங்கிப் பாத்தாச்சே."

அது உண்மைதான். அவள் புருஷன் நல்லகாமன் முப்பது வருடத்துக்கு மேல் கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவர். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் டாக்டரைத் தெரியாதவர்களுக்குக்கூட 'மாட்டாஸ்பத்திரி நல்லகாமனை'த் தெரியும். ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் இருக்கும்போதே மறதி தொடங்கிவிட்டது. ஒரே கன்றுக்குட்டிக்கு இரண்டு தடவை ஊசி போட்டார். வீட்டுக்கு வரும் வழியில் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரை அதன் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், போனதைத் திருப்பித் தராது என்று சொன்னார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த வீட்டுக்குள் அவரை உட்கார வைத்தார்கள். அவர் உட்காரவில்லை. நடந்தார். ஒரு தடவை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆட்டோக்காரர் கண்டுபிடித்துக் கொண்டுவந்து விட்டார். இன்னொரு தடவை சுற்றுச்சாலையின் நட்டநடுவில் லாரிகளுக்கு எதிராக நடந்துபோய்க்கொண்டிருந்தார்.

மகள் சத்யப்ரியா கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவள்தான் முதலில் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். ஆள் இருக்கும் இடம், நாடித்துடிப்பு எல்லாம் அதில் தெரியும். கீழே விழுந்தால் அதுவே போன் பண்ணிவிடும். கொஞ்ச நாள் தாயும் மகளும் அவருடைய இதயம் அடிப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா தூங்குறாரும்மா, துடிப்பு எம்புட்டு அமைதியா இருக்கு பாரு" என்று சத்யப்ரியா அங்கிருந்து சொல்வாள். ஆனால் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவன் கையில் கடிகாரம் கட்டமாட்டான். பசுவின் வயிற்றுக்குள் முழங்கை வரைக்கும் விட்டுப் பழகிய கை. எல்லாம் மறந்தும் அது மட்டும் மறக்கவில்லை. ஒரு கடிகாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டார். அடுத்து வாங்கியதைக் கீரை விற்க வந்தவளிடம் கொடுத்துவிட்டார்.

முத்துமீனா துணியில் சின்னப் பை ஒன்று தைத்து, பெட்டியை அதற்குள் வைத்து, கயிறு கோத்துக் கழுத்தில் போட்டுவிட்டாள். நல்லகாமன் பையைத் திறந்து பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இரண்டொரு செவலை மயிர் ஒட்டியிருந்தது.

"இது எந்த மாட்டுக்கு?"

"உங்களுக்குத்தாங்க."

அவர் சிரித்தார். "எனக்கு என்ன நோவு?"

அவள் பெட்டியை வாங்கிப் பையில் போட்டு, அவர் சட்டைக்குள் தள்ளிவிட்டாள்.

ராஜபாண்டி மூன்று போன்களிலும் ஆப்பைப் போட்டுவிட்டான்: தனக்கு, அக்காளுக்கு, அக்காள் மகள் சத்யப்ரியாவுக்கு. வரைபடத்தில் வீடு, தெப்பக்குளம், ஆற்றோரச் சாலை எல்லாம் உள்ளடங்குகிற மாதிரி ஒரு வட்டம் போட்டான். புள்ளி வட்டத்தைத் தாண்டினால் மூன்று போனும் அலறும்.

"கடிகாரம் மாதிரி நாடி கீடியெல்லாம் இதுக்குப் பாக்கத் தெரியாதுக்கா. எங்க இருக்குன்னு மட்டும் சொல்லும்."

"அது போதும்டா" என்றாள் முத்துமீனா.

அது போதுமானதாகத்தான் இருந்தது. புருஷனைப் பார்த்துக்கொள்வதற்காக விட்டிருந்த வேலைக்கு அவள் திரும்பப் போகத் தொடங்கினாள். சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் சாமான் மொத்த வியாபாரக் கடை. வாளி, குடம், முறம் என்று கட்டுக்கட்டாக வந்து இறங்கும். பிரித்து அடுக்கி, வெளியூர் வியாபாரிகளுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். கடையில் கூட வேலை பார்த்த பவதாரிணி என்ற பெண், "அக்கா வந்தப்புறந்தான் கடையில சத்தமே கேக்குது" என்றாள். மத்தியானம் அடுத்த வீட்டுச் சோணையம்மாள் நல்லகாமனைக் கூப்பிட்டுச் சோறு போட்டுவிடுவாள். அவர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார், கைப்பிடிச் சுவரில் உட்காருவார், பூக்கட்டுகிறவர்களிடம் பேசுவார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரிந்துபோயிற்று. போன் சில தடவை அலறியது. முத்துமீனா ஆட்டோ பிடித்துப்போய், ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தவரைத் திருப்பிக் கூட்டிவந்தாள். மற்றபடி புள்ளி வட்டத்துக்குள்ளேயே இருந்தது. வேலைக்கு நடுவில் அவள் போனை எடுத்துப் பார்ப்பாள். புள்ளி நகர்ந்தால் நடக்கிறார். நின்றால் உட்கார்ந்திருக்கிறார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் எங்கே இருக்கிறார் என்று இவ்வளவு நிச்சயமாக அவளுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் சோணையம்மாள் பேத்திக்குக் காதுகுத்து என்று உசிலம்பட்டிக்குப் போனாள்.

"ஒரு நாள்தான்த்தா. ராத்திரிக்குள்ள வந்துருவேன். மத்தியானம் நீ ஒரு எட்டு வந்து சோத்தைக் குடுத்துட்டுப் போயிரு."

"நான் பாத்துக்கிறேன் மதினி" என்றாள் முத்துமீனா. காலையில் அவருக்கு இட்லி ஊட்டி, தலை சீவி, பையைக் கழுத்தில் மாட்டி, வெயிலுக்குள் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அன்றைக்கென்று கடையில் லோடு வந்து இறங்கியது. மத்தியானம் அவள் போனைப் பார்த்தபோது புள்ளி தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில், கோயிலுக்குப் பக்கத்தில் நின்றது. கிளம்பலாம் என்று நினைக்கும்போதே சத்யப்ரியாவிடமிருந்து போன் வந்தது.

"அப்பாவைப் பாத்தியாம்மா? கோயில் பக்கத்துல இருக்காரு."

"சாப்புட வீட்டுக்குப் போகலடி. நான் போயி என்னான்னு பாத்துட்டு வாரேன்."

"இந்த வெயில்ல ஏம்மா அலையிற? கோயில்ல அன்னதானம் போடுவாங்கள்ல, அங்க சாப்ட்டிருப்பாரு. மேப்புல அங்க மரம் தெரியுது, நிழல்லதான் நிக்கிறாரு. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். வட்டத்தைத் தாண்டினா சொல்றேன்."

முத்துமீனாவுக்கு அது சரியென்று பட்டது. பவதாரிணிக்கு அந்த வாரம்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடையில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கித் தந்தாள். குடோனுக்குள் அட்டைகளை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மாப்பிள்ளை முதல்நாள் போனில் பேச முடியாமல் திக்கியதை அவள் நடித்துக் காட்டியபோது முத்துமீனா புரையேறும்வரை சிரித்தாள். கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தோம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. கை கழுவிவிட்டுப் போனைப் பார்த்தாள். மகள் வரைபடத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். கீழே, 'அப்பா மரத்தடில குட்டித் தூக்கம்' என்று எழுதி ஒரு இதயம் போட்டிருந்தாள்.

சாயங்காலம் அவள் தெப்பக்குளம் நிறுத்தத்தில் இறங்கியபோதும் வெக்கை குறையவில்லை. புள்ளி கிழக்குக் கரையில், குப்பைத் தொட்டிக்குப் பக்கம் இருந்தது. போனைக் கையில் பிடித்தபடி நடந்தாள். தன் புள்ளியும் அவர் புள்ளியும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. அங்கே அவர் இல்லை. ஒரு செவலைக் காளை, கோயிலுக்கு நேர்ந்துவிட்டது, அட்டைப்பெட்டியை மென்றுகொண்டு நின்றது.

அவள் காளையைத் தாண்டிப் பார்த்தாள். சுவருக்குப் பின்னால் பார்த்தாள். "ஏங்க" என்று கூப்பிட்டாள். பிறகுதான் காளை தலையைத் தூக்கியது. அதன் கழுத்தில் அவள் தைத்த துணிப்பை தொங்கியது.

கயிறு மாட்டின் கழுத்துக்குப் போதவில்லை. வேட்டிக் கரையைக் கிழித்து ஒட்டுப்போட்டு, இறுகிவிடாமல் ஒரு முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சை அவளுக்குத் தெரியும். காளையின் முன்னங்காலில் ஒரு புண். அதைக் கழுவி, அதே வேட்டித் துணியால் சுற்றிக் கட்டியிருந்தது. கட்டு சுத்தமாக, அழகாக இருந்தது. மாட்டாஸ்பத்திரியில் கட்டிய மாதிரியே இருந்தது.

பூக்கட்டிக்கொண்டிருந்தவளிடம் ஓடினாள். "எங்க வீட்டுக்காரரைப் பாத்தியாம்மா?"

"இன்னைக்கு வரவே இல்லையேக்கா. மேலுக்கு முடியலையோன்னு நினைச்சேன்."

ராஜபாண்டி பைக்கில் வந்து சேர்ந்தபோது அவள் காளையின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். விட்டுவிட்டால் இருக்கிற ஒரே அடையாளமும் போய்விடும் என்பதுபோல் துணிப்பையின் கயிற்றைப் பிடித்திருந்தாள். அவன் ஆப்பில் அன்றைக்கு முழுதும் புள்ளி நகர்ந்த கோட்டை எடுத்துப் பார்த்தான். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி ஆற்றோரச் சாலைக்குப் போயிருக்கிறது. அங்கே குடிநீர்க் குழாய் உடைந்து தண்ணீர் தேங்கும் இடத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறது. அதற்கப்புறம் தெப்பக்குளத்துக்குத் திரும்பி, நிழல் நிழலாக நகர்ந்திருக்கிறது.

"அந்தக் குழாய்கிட்டதான்க்கா கட்டியிருக்காரு. புண்ணைக் கழுவ அங்கதான் தண்ணி இருக்கு."

"எப்ப?"

ராஜபாண்டி போனைப் பார்த்தான். "காலையிலயே."

"அப்ப மத்தியானம் நான் பாத்தது?"

அவன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான். அவனும் அன்றைக்கு இரண்டு மூன்று தடவை போனை எடுத்துப் பார்த்திருந்தான்.

போலீஸ் ஸ்டேஷனில் பெண் எஸ்.ஐ. உடனே ஆட்களை அனுப்பினார். குழாயிலிருந்து ஆற்றுக்குள் இறங்குகிற மண்பாதையில் ஒரு காலடித் தடம் கிடைத்தது, பிறகு மணலில் அது கலைந்துபோனது. வைகையில் தண்ணீர் இல்லை. ஊர்ச் சாக்கடை ஓடுகிற இடத்தில் மட்டும் பச்சை. மற்றபடி கரையிலிருந்து கரைவரை சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆள் உள்ளே குனிந்துதான் போக முடியும். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது.

ராஜபாண்டிக்கு விக்ரமைத் தெரியும். சமயநல்லூரில் சாலை வேலைகளுக்கும் பட்டா நிலங்களுக்கும் ட்ரோன் பறக்கவிட்டு மேலேயிருந்து அளந்து கொடுக்கிறவன். சோலார் தகடுகளில் எது பழுது என்று சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கிற கேமராவும் அவனிடம் இருந்தது. கூப்பிட்டதும் ஜீப்பில் வந்துவிட்டான். வெளிச்சம் மங்கும்போது ட்ரோன் ரீங்காரத்தோடு எழும்பிக் கருவேலங்காட்டின் மேல் போனது. முத்துமீனா அவன் கையில் இருந்த திரையை எட்டிப் பார்த்தாள். திரை முழுக்க வெள்ளையாக இருந்தது.

"என்ன தம்பி, ஒண்ணும் தெரியல?"

"சூடா இருக்கிறது வெள்ளையாத் தெரியும்க்கா, குளிர்ந்தது கறுப்பாத் தெரியும். பகல் பூராம் வெயில் வாங்கின மணலும் கல்லும் இப்ப மனுச உடம்பைவிடச் சூடா இருக்கு. அதுல ஆள் இருந்தாலும் பிரிஞ்சு தெரியாது. விடியிறதுக்கு முன்னால தரை ஆறிரும். அப்பத்தான் இந்தக் கேமராவுக்கு வேலை."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நடந்துதான் தேடணும்க்கா."

தேடினார்கள். கிடைக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து சத்யப்ரியாவுக்கு நடுராத்திரிக்கு மேல்தான் பஸ் கிடைத்தது. வழியெல்லாம் போன் பண்ணிக்கொண்டே இருந்தாள். முத்துமீனாவால் எடுத்துப் பேச முடியவில்லை, ராஜபாண்டிதான் பேசினான்.

கிழக்கு வெளுப்பதற்கு முன் விக்ரம் மறுபடி ட்ரோனைக் கிளப்பினான். இப்போது திரை மாறியிருந்தது. தரை கறுப்பாகக் கிடக்க, அதில் உயிருள்ளவையெல்லாம் தீப்பொறி மாதிரி தெரிந்தன. சுருண்டு கிடந்த நாய்கள். ஆட்டு மந்தை ஒன்று. பன்றிகள். அவன் ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து பார்த்துவிட்டு நகர்ந்தான். திடீரென்று விரல் நின்றது. அக்கரைப் பக்கம், ஒரு மேட்டின் அடியில், நீளமாக ஒரு வெள்ளை. தலை, உடம்பு, மடக்கிய கால்.

"மனுசன்தான்!" என்று எஸ்.ஐ. சத்தம் போட்டார்.

ராஜபாண்டி "அத்தான்! அத்தான்!" என்று கத்திக்கொண்டே மணலில் ஓடினான். முத்துமீனா பின்னாலேயே ஓடினாள். முள் குத்திய செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. உயிரோடு இருக்கிறார், உடம்பில் சூடு இருக்கிறது, அது போதும், இனிமேல் கடைக்குப் போகமாட்டேன், ஒரு நாளும் போகமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

டார்ச் வெளிச்சம் பட்டதும் அந்த ஆள் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். தாடி வைத்த கிழவன். வீடு வாசல் இல்லாமல் ஆற்றுக்குள் படுத்துக்கொள்கிறவன் போலிருந்தது. "நான் ஒண்ணும் எடுக்கல சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

முத்துமீனா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டாள். கிழவன் பயந்தபடி தன் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அவள் திரும்பி வந்தபோது விக்ரம் இன்னும் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். தேட வேண்டிய இடமெல்லாம் தேடியாயிற்று. வேறு மனித வடிவம் எதுவும் இல்லை. அவன் ராஜபாண்டியை ஓரமாகக் கூப்பிட்டான். மெதுவாகத்தான் பேசினான், ஆனால் அவளுக்குக் கேட்டது.

"அண்ணே, பேட்டரி மாத்திக்கிறேன். வெளிச்சம் வந்துருச்சு. இனிமே சாதாக் கேமராவுல பாப்போம்."

"ஏன் தம்பி?" என்று முத்துமீனா கேட்டாள். "சூடு காட்டுற கேமராவுலதான நல்லாத் தெரிஞ்சுச்சு?"

விக்ரம் பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ராஜபாண்டி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கத்தவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில் விக்ரம் திரையைத் தன் நெஞ்சுப் பக்கம் சாய்த்துப் பிடித்தான். அவன் முகத்தைப் பார்த்தே அவள் எழுந்துவிட்டாள்.

"காட்டுங்க தம்பி."

"வேணாம்க்கா. அண்ணன் பாக்கட்டும்."

"என் வீட்டுக்காரரு. காட்டுங்க."

சாக்கடை ஓரத்துப் பச்சையைத் தாண்டி, ஒரு கருவேலமரத்தின் அரைகுறை நிழலில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார். குழாயடியிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. நேற்று ஆட்கள் இரண்டு பக்கமும் நடந்துபோயிருக்கிறார்கள். மேலேயிருந்து பார்க்கும்போது தூங்குகிற மாதிரிதான் இருந்தது.

போய்ப் பார்த்தபோது உடம்பில் பனியன்தான் இருந்தது. சட்டையைக் கழற்றி விரித்து, அதில் புல்லைப் போட்டு, சட்டைக் கைகளை முடிச்சாகக் கட்டியிருந்தார். அறுக்கக் கருவி இல்லை. கையால் பிடுங்கியிருக்கிறார், விரல்களெல்லாம் கீறல். புல் காய்ந்து சருகாகியிருந்தது. அடிபட்ட மாட்டுக்குத் தீவனம் கொண்டுவரப் போயிருக்கிறார் என்று ராஜபாண்டிதான் முதலில் சொன்னான். சொல்லிவிட்டு அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதான். முத்துமீனா புருஷனின் விரல்களில் ஒட்டியிருந்த மண்ணைத் தன் எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் மெதுவாக அவள் கையை எடுத்துவிட்டார்.

வெயில் தாக்கியதுதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உச்சி சாய்ந்த நேரத்தில் நடந்திருக்கும் என்று டாக்டர் ராஜபாண்டியிடம் சொல்லியிருந்தார். அவன் அதை மறைத்து வைத்திருக்கப் பார்த்தான். அவள் கேட்டுக்கேட்டு வாங்கிவிட்டாள்.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். முத்துமீனா எல்லோரிடமும் ஒரே மாதிரி சொன்னாள். "இவுக ஆத்துக்குள்ள தண்ணிக்குத் தவிச்சுக் கிடக்காக. நான் கடையில பிரியாணி தின்னுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன்." பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். சோணையம்மாள், "நான் ஊருக்குப் போயிருக்கக் கூடாது" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பவதாரிணி வந்தபோதும் முத்துமீனா அதையே சொன்னாள். அந்தப் பெண் முகம் வெளிறி, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள்.

கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம், பக்கத்து ஊர் உறவுக்காரி ஒருத்தியிடம் மறுபடி அதைச் சொல்லத் தொடங்கினாள். அடுப்படியிலிருந்து சத்யப்ரியா வந்து நின்றாள். உறவுக்காரி போகும்வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"ஏம்மா எல்லார்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டு இருக்க?"

"நடந்ததைத்தான சொல்றேன்."

"நீ வீட்டுக்குப் போறேன்னுதான் சொன்ன. போவேணாம்னு நாந்தான் சொன்னேன். அன்னதானம் சாப்ட்டிருப்பாருன்னு சொன்னேன். அந்த மாட்டைப் படம் பிடிச்சு, அப்பா தூங்குறாருன்னு அனுப்பினேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "பிரியாணி பிரியாணின்னு நீ சொல்றப்பல்லாம் என்னையச் சொல்ற மாதிரி இருக்கும்மா."

"உன்னையச் சொல்லலத்தா."

"பிறகு யாரைச் சொல்ற?"

மகள் ஒரு வாரமாகத் தன் கண்ணைப் பார்க்காமலே வீட்டுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது முத்துமீனாவுக்கு இப்போதுதான் உறைத்தது. எழுந்துபோய் அவள் தோளைத் தொட்டாள். சத்யப்ரியா தோளை விலக்கிக்கொள்ளவுமில்லை, சாய்ந்துகொள்ளவுமில்லை. அதற்குப் பிறகு முத்துமீனா அந்த வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் மகளை ஏற்றிவிடப் போனாள். கோயம்புத்தூர் பஸ் கிளம்ப நேரமிருந்தது.

"நீயும் என்கூட வந்துரும்மா."

"வீடு இருக்கு. வேலை இருக்கு. கடைக்காரரு கூப்பிட்டு விட்டுட்டாரு."

"அப்ப உன் போனைக் குடு. நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியிற மாதிரி போட்டுவிடுறேன்."

முத்துமீனா போனை எடுக்கப் பைக்குள் விட்ட கையை அப்படியே வைத்துக்கொண்டாள். "வேணாம்த்தா. கூப்பிட்டுக் கேளு. எங்க இருக்கேன்னு நானே சொல்றேன்."

சத்யப்ரியா சரியென்று தலையாட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையசைக்கவில்லை.

மகள் தினமும் மத்தியானம் கூப்பிட்டாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. "எங்கம்மா இருக்க?" "கடையில." "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." அதில் முதல் பதில்தான் உண்மை. அந்த நேரத்தில் முத்துமீனாவுக்குச் சோறு இறங்குவதில்லை. சோற்றுச் சம்படத்தைத் திறந்து மூடி, சாயங்காலம் தெருநாய்க்குக் கொட்டிவிட்டுப் போவாள். சேலை தொளதொளவென்று ஆகிவிட்டது. பவதாரிணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். இரண்டு பேரும் அவசியத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை.

ஒருநாள் போன் வீடியோவில் அடித்தது. எடுத்ததும் மகளின் முகம் தெரிந்தது. அவளும் இளைத்துப்போயிருந்தாள்.

"சாப்ட்டியாம்மா?"

"ம்."

"சம்படத்தைக் காட்டு."

முத்துமீனா தயங்கினாள். பிறகு மூடியைத் திறந்து காட்டினாள். சோறு வைத்தபடி இருந்தது. சத்யப்ரியா திட்டவில்லை. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுத் தன் டப்பாவைத் திறந்து காட்டினாள். அதிலும் கை படவில்லை.

"நீ தின்னாத்தான் நான் திம்பேன்" என்றாள்.

முத்துமீனா குடோனுக்குள் போய், வாளிக் கட்டு ஒன்றின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். தண்ணீர் குடித்து இறக்கினாள். அங்கே மகளும் ஒரு வாய் எடுத்து, மெல்ல முடியாமல் மென்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே, ஒருவரை ஒருவர் பார்த்தபடி, அடுத்த வாய்க்குக் கை வைத்தார்கள்.